பாறைத் தூளைக் கரைக்க ஹைட்ரோஃபுளூரிக் அமிலம்: பாட்டிலைத் திறக்கும் முன் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

நீலகிரிப்பாறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் புவியியல் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்து வரும் மாணவி. நீலகிரியிலும் பல்லாவரத்திலும் சேகரித்த, கிரானைட் போன்ற சார்னோக்கைட் பாறைகளைத் தூளாக்கி, அவற்றில் உள்ள அருமண் தனிமங்களை (லாந்தனம், சீரியம் போன்றவை), மிக நுண்ணிய அளவையும் காட்டும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் அளக்க வேண்டியிருக்கிறது. அதற்காகப் பாறைத் தூளை ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் சேர்த்து டெஃப்லான் பாத்திரத்தில் சூடாக்கிக் கரைக்கும்படி நெறியாளர் கூறியிருக்கிறார். எங்கள் ஆய்வகத்தில் 40 விழுக்காடு அமிலம் கொண்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று முத்திரை உடைக்கப்படாமல் இருக்கிறது. இதற்கு முன் இங்கே இதைக் கையாண்டவர்கள் படிப்பை முடித்துச் சென்றுவிட்டதால், அருகில் நின்று செய்து காட்ட யாரும் இல்லை.

என் ஐயங்கள் இவைதாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை மிக்கது, ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வலிமை குறைந்தது என்றுதான் பாடநூலில் படித்தோம். அப்படியிருக்க எல்லோரும் இதைக் கண்டு இவ்வளவு அஞ்சுவது ஏன்? ஆய்வகத்தில் பெட்டி பெட்டியாக இருக்கும் மெல்லிய நீல நைட்ரைல் கையுறை இதற்குப் போதுமா? அமிலம் சிந்தினால் தூவுவதற்கென்று சமையல் சோடா ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்கள். அது இதற்கும் உதவுமா? எங்கள் ஃப்யூம் ஹூட்டின் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அடைப்பு) முன்பக்கக் கண்ணாடி பால் ஊற்றியதுபோல் மங்கிக் கிடக்கிறது; அதற்கும் இந்த அமிலத்துக்கும் தொடர்பு உண்டா? பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே இவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்.

புவிவேதி

வணக்கம் அம்மா. திறப்பதற்கு முன் கேட்டது மிகவும் நல்லது. பாறைகளைக் கரைத்துப் பகுப்பாய்வு செய்யும் ஆய்வகத்தில் நெடுங்காலம் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஓர் அமிலத்தை வலிமை குறைந்தது என்று சொல்வது, நீரில் அது எவ்வளவு பங்கு அயனிகளாகப் பிரிகிறது என்பதைக் குறித்த கணக்கு மட்டுமே. உடலுக்கு அது செய்யக்கூடிய தீங்கை அளக்கும் கோல் அன்று. அந்தப் பிரிதலைக் காட்டும் பி.கே.ஏ. மதிப்பு (எண் கூடக் கூட அமிலம் குறைவாகப் பிரியும்) ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 3.2. ஆகவே அதன் பெரும்பகுதி பிரியாத மூலக்கூறாகவே இருக்கிறது. உண்மையில் ஆபத்தே அங்குதான் தொடங்குகிறது. மின்னூட்டம் இல்லாத அந்தச் சிறிய மூலக்கூறு, தோலின் மேற்புறத்தைப் பெரிதாகச் சிதைக்காமலே அதைக் கடந்து உள்ளே இறங்கிவிடும். கந்தக அமிலமோ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ பட்டால் மேல்தோல் எரியும், உடனே கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவோம். இதுவோ ஓசையின்றித் தசைக்கும் எலும்புக்கும் சென்று, அங்கே ஃபுளூரைடு அயனியை விடுத்து, அந்த அயனி கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பற்றிக்கொள்ளும்.

எவ்வளவு கால்சியம் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு கால்சியம் அயனியைப் பிடிக்க இரண்டு ஃபுளூரைடு அயனிகள் வேண்டும். ஹைட்ரஜன் ஃபுளூரைடின் மூலக்கூறு எடை 20, கால்சியத்தின் அணு எடை 40. ஆகவே ஒரு கிராம் ஹைட்ரஜன் ஃபுளூரைடு ஒரு கிராம் கால்சியத்தைக் கட்டிவிடும். உங்கள் பாட்டிலில் உள்ள 40 விழுக்காடு அமிலத்தின் அடர்த்தி ஏறத்தாழ 1.13, அதில் 10 மில்லிலிட்டர் எடுத்தால் நாலரை கிராம் ஹைட்ரஜன் ஃபுளூரைடு இருக்கும். நம் இரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள மற்ற திரவங்களிலும் சேர்ந்து இருக்கும் கால்சியமோ ஒரு கிராம் அளவுதான். சிந்தியது முழுவதும் உடலுக்குள் போய்விடாது என்பது உண்மை. ஆனாலும் உள்ளங்கையில் அடங்கும் அளவு அமிலம் ஏன் இதயத் துடிப்பையே நிறுத்த வல்லது என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும்.

அடுத்து, உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும்: இந்த வேலைக்கு இந்த அமிலம் தேவைதானா? சார்னோக்கைட்டில் சிர்க்கான் என்னும், எளிதில் கரையாத சிர்க்கோனியம் சிலிக்கேட் கனிமம் இருக்கும். கனமான அருமண் தனிமங்களில் கணிசமான பங்கு சிர்க்கானில் தங்கியிருக்கும். திறந்த பாத்திரத்திலோ மூடியிட்ட சாதாரண டெஃப்லான் குப்பியிலோ ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் சிர்க்கான் முழுமையாகக் கரையாது. சிர்க்கோனியம், ஹாஃப்னியம், கனமான அருமண்கள் ஆகியவற்றின் அளவு குறைத்தே காட்டப்படும். அதற்கு மாறாக, தூளை லித்தியம் மெட்டாபோரேட்டுடன் கலந்து பிளாட்டினம் அல்லது கிராஃபைட் மூசையில் (உருக்கும் கிண்ணம்) ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியசில் உருக்கி, அந்த உருகலை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் சிர்க்கானும் கரைந்துவிடும், ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் வேண்டியதில்லை. கரைசலில் உப்பின் அளவு மிகுந்துவிடுவதால் கூடுதலாக நீர்க்க வேண்டும் என்பதும், ஈயம் போன்ற ஆவியாகும் தனிமங்களுக்கு இம்முறை ஒத்துவராது என்பதும் இதன் குறைகள். உங்கள் நோக்கம் அருமண்கள் என்பதால் அந்தக் குறைகள் உங்களைப் பெரிதாகத் தொடா. பாதுகாப்பைக் காரணம் காட்டி நெறியாளரிடம் பேசத் தயக்கமாக இருந்தால் சிர்க்கானைக் காரணம் காட்டிப் பேசுங்கள். அது அறிவியல் காரணம், அவரால் தட்ட முடியாது.

திரவத்துக்குப் பதிலாக அம்மோனியம் பைஃபுளூரைடு என்னும் திண்மத்தைப் பயன்படுத்தலாம் என்று சிலர் பரிந்துரைப்பார்கள். அது பாறையைக் கரைப்பதில் நல்ல பலன் தரும். ஆனால் ஈரம் பட்டாலும் சூடேறினாலும் அதிலிருந்து வருவது இதே ஹைட்ரஜன் ஃபுளூரைடுதான். திண்மமாயிற்றே என்று முன்னெச்சரிக்கையைக் குறைத்துவிடக் கூடாது.

வேறு வழியே இல்லாமல் இந்த அமிலத்தைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால், அளவைச் சுருக்குங்கள். 50 அல்லது 100 மில்லிகிராம் தூளுக்கு இரண்டு மூன்று மில்லிலிட்டர் அமிலம் போதும். பெரிய பாட்டிலிலிருந்து நேராகச் சாய்க்காமல், சிறிய பிளாஸ்டிக் குப்பிக்கு மாற்றி, பிளாஸ்டிக் பிப்பெட்டால் எடுங்கள். கண்ணாடிப் பிப்பெட், அளவு உருளை, வெப்பமானி, கண்ணாடிக் கலக்குக்கோல் எதுவும் அருகில் வரக் கூடாது. தூளை முதலில் சில துளி நீரால் நனைத்துக்கொண்டால் அமிலம் ஊற்றும்போது தூள் மேலே எழாது. சூடாக இருக்கும் குப்பியின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு திறக்க வேண்டும்.

ஹூட்டின் கண்ணாடி மங்கியதற்கு, நீங்கள் ஐயப்படுவதுபோல், இந்த அமிலமே காரணமாக இருக்கக்கூடும். அமில ஆவி கண்ணாடியில் உள்ள சிலிக்காவை அரித்து, அதைச் சிலிக்கான் டெட்ராஃபுளூரைடு வாயுவாக மாற்றும். நீண்ட காலமாக இந்த அமிலத்தைக் கொதிக்க வைக்கும் ஹூட்களில் பாலிகார்பனேட் பலகை பொருத்துவது இதனால்தான். மங்கிய கண்ணாடி வழியே குப்பி சரியாகத் தெரியவில்லை என்று தலையை உள்ளே நீட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். அது மிகவும் ஆபத்தானது. பலகையை மாற்றவும், காற்று உறிஞ்சும் வேகத்தை அளக்கவும் முதலில் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

அவசரப்பிரிவு மருத்துவர்

மேலே ஐயா எழுதியவற்றோடு மருத்துவப் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்த அமிலத்தில் முதலுதவியின் முறையே வேறு.

முதலில் அறிய வேண்டியது, வலியை நம்பக் கூடாது என்பது. 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட அமிலம் பட்டால் உடனே வலிக்கும். 20 முதல் 50 விழுக்காடு வரை உள்ள அமிலம் பட்டால் வலியும் சிவப்பும் தோன்ற ஒரு மணி முதல் எட்டு மணி நேரம் வரை ஆகலாம். 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் ஒரு நாள் முழுவதும்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். உங்களிடம் உள்ள 40 விழுக்காடு நடு வகையைச் சேர்ந்தது. மாலையில் கையுறைக்குள் ஒரு துளி புகுந்திருந்தால், விடுதிக்குச் சென்று உணவு உண்டு படுத்த பிறகு விரல் நுனியில் குத்தும் வலி தொடங்கும். அதற்குள் அமிலம் நகத்தின் அடியில் ஆழமாகப் போயிருக்கும். ஆகவே பட்டிருக்கலாம் என்ற ஐயம் வந்தாலே, பட்டதாக எண்ணிச் சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. பட்ட இடத்தில் உள்ள உடை, கையுறை, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஓடும் நீரில் கழுவ வேண்டும். ஃபுளூரைடைக் கட்டுவதற்கான கால்சியம் தரும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைவசம் இருந்தால் ஐந்து நிமிடம் கழுவியதும் அதைத் தடவத் தொடங்கிவிடலாம். இல்லையென்றால் பதினைந்து நிமிடமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். 2.5 விழுக்காடு கால்சியம் குளுக்கோனேட் கொண்ட ஜெல்லைத் தாராளமாகப் பூசி, உதவி செய்பவர் கையுறை அணிந்துகொண்டு, விடாமல் தேய்த்துக் கொடுக்க வேண்டும். விரல்களில் பட்டிருந்தால் ஓர் அறுவைக் கையுறைக்குள் ஜெல்லை நிரப்பி அதை அப்படியே மாட்டிவிடுவது நல்ல முறை. வலி நின்ற பிறகும் கால் மணி நேரம் தொடர வேண்டும். இதெல்லாம் மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் நடந்துகொண்டே இருக்க வேண்டியவை. ஜெல் பூசியாயிற்று என்று மருத்துவமனையைத் தவிர்க்கக் கூடாது.

ஆயத்த ஜெல் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆனால் கால்சியம் குளுக்கோனேட் 10 விழுக்காடு ஊசி மருந்து, 10 மில்லிலிட்டர் ஆம்பியூலாக, சாதாரண மருந்துக் கடைகளிலேயே மலிவாகக் கிடைக்கிறது. அதில் 25 மில்லிலிட்டரை நீரில் கரையும் வழவழப்பு ஜெல்லி 75 மில்லிலிட்டருடன் நன்றாகக் கலந்தால் 2.5 விழுக்காடு ஜெல் கிடைத்துவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. மருந்துக் கடையில் வெறுமனே ஜெல்லி என்று கேட்டால், மருத்துவமனைகளில் அதிகம் புழங்கும் லிக்னோகைன் கலந்த ஜெல்லியை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. அது மரத்துப்போகச் செய்யும் மருந்து. இந்தக் காயத்தில் வலி குறைகிறதா என்பதைக் கொண்டுதான் கால்சியம் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று நாங்கள் அறிகிறோம். வலியை மரக்கச் செய்துவிட்டால் அந்த அடையாளம் போய்விடும். ஆகவே மரப்பு மருந்து கலக்காத ஜெல்லி என்று குறிப்பிட்டுக் கேட்டு, உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கலந்த தேதியைக் குப்பியின்மேல் எழுதி வைத்து, பழையதைக் காலம் தாழ்த்தாமல் மாற்றிவிடுங்கள்.

கண்ணில் தெறித்தால் இந்த ஜெல்லைப் போடக் கூடாது. இமைகளை விரித்துப் பிடித்துப் பதினைந்து நிமிடம் நீரால் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ஆவியை மூச்சில் இழுத்தவர் அந்த நேரத்தில் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்தே வெளிப்படக்கூடும். அவரையும் மருத்துவமனையில் கண்காணிக்க வேண்டும்.

நீலகிரிப்பாறை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சிர்க்கானைப் பற்றி ஐயா கூறியதை நெறியாளரிடம் எடுத்துச் சொன்னேன். உருக்கும் முறைக்கு அவர் உடன்படுகிறார். ஆனால் எங்களிடம் பிளாட்டினம் மூசை இல்லை. வாங்கி வருவதற்குள் ஒரு பகுதி மாதிரிகளையேனும் அமில முறையில் செய்து பார்க்கலாம் என்று எண்ணுகிறார்.

எங்கள் ஆய்வகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. அவசரக் குளியலுக்கான ஷவர் கிடையாது. கைகழுவும் தொட்டியில் ஒரு குழாய் மட்டும் உண்டு, கோடையில் அதிலும் நீர் மெல்லிய கோடாகத்தான் வரும். தெளிவான மனத்தோடு செய்யலாம் என்பதால் மற்றவர்கள் போன பிறகு மாலையில் செய்ய நினைத்திருந்தேன். சமையல் சோடாவைப் பற்றியும் கையுறையைப் பற்றியும் யாரேனும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஆலைப்பாதுகாப்பு

துருப்பிடிக்காத எஃகை நைட்ரிக்–ஹைட்ரோஃபுளூரிக் கலவையில் தோய்த்துச் சுத்தம் செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலராகப் பணிபுரிகிறேன். உங்கள் கடைசிப் பதிவைப் படித்ததும் எனக்குக் கவலையாக இருக்கிறது, அதனால் நேரடியாகவே சொல்கிறேன்: நீங்கள் விவரித்த அந்த அறையில் இந்தப் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

முறையான அவசர ஷவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 75 லிட்டர் நீரைக் கொட்டும். பதினைந்து நிமிடம் என்றால் ஆயிரம் லிட்டருக்கு மேல். ஜெல் தயாராக இருந்து ஐந்து நிமிடத்தில் நிறுத்துவதானாலும் 375 லிட்டர் வேண்டும். மெல்லிய கோடாக வரும் குழாயால் ஒரு விரலைக் கழுவலாம்; தொடையிலோ மார்பிலோ கொட்டிய அமிலத்தைக் கழுவ முடியாது. ஷவர் உள்ள வேதியியல் துறை ஆய்வகத்தின் ஃப்யூம் ஹூட்டைச் சில நாட்களுக்குக் கேட்டுப் பெறுங்கள். மாலையில் தனியாகச் செய்யும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். ஜெல் எங்கே இருக்கிறது, எப்படிப் பூச வேண்டும், யாருக்கு அழைக்க வேண்டும் என்பதை அறிந்த இன்னொருவர் அந்த அறையிலேயே இருக்க வேண்டும். மருத்துவமனையில் மூத்த மருத்துவர்கள் இருக்கும் காலை நேரமே இந்த வேலைக்கு உரிய நேரம்.

கையுறையைப் பொறுத்தவரை, பெட்டியில் வரும் மெல்லிய நைட்ரைல் கையுறை இந்த அமிலத்தைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்கும் என்று நம்பக் கூடாது. அதை உள்ளே அணிந்து, அதன்மேல் முழங்கை வரை வரும் தடித்த நியோபிரீன் அல்லது பியூட்டைல் ரப்பர் கையுறையை அணிய வேண்டும். ஒவ்வொரு முறையும் அணியும் முன் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, விரல் விரலாக அழுத்தி, கன்னத்தருகே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை இருந்தால் காற்று கன்னத்தில் படும். கையுறையின் மேல்விளிம்பை ஓர் அங்குலம் வெளிப்புறமாக மடித்துவிட்டால், கையை உயர்த்தும்போது வழியும் துளி முழங்கைக்குப் போகாமல் மடிப்பில் தங்கிவிடும். கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி, அதன்மேல் முகக்கவசம், பி.வி.சி. அல்லது நியோபிரீன் மேலங்கி, மூடிய காலணி ஆகியவை கட்டாயம். பருத்தி லேப் கோட் அமிலத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்திருக்கும், அது மட்டும் கவசம் ஆகாது. துப்பட்டாவையும் நகைகளையும் வெளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மோதிரத்தின் அடியில் தங்கிய துளியை எந்த நீரும் கழுவாது.

சமையல் சோடா அமிலத்தன்மையைப் போக்கும், ஃபுளூரைடைப் போக்காது. விளைவது நீரில் கரையும் சோடியம் ஃபுளூரைடு, அதுவும் நஞ்சு. மேசையில் சிந்தினால் தூவ வேண்டியது கால்சியம் கார்பனேட் தூளோ நீற்றிய சுண்ணாம்போதான். ஃபுளூரைடு கரையாத கால்சியம் ஃபுளூரைடாகக் கட்டுண்டுவிடும். மணலையும், வெர்மிகுலைட் என்னும் உறிஞ்சு கனிமத்தையும் போட்டு உறிஞ்ச எண்ணாதீர்கள். இரண்டிலும் சிலிக்கா இருப்பதால் நச்சு வாயு கிளம்பும்.

2012 செப்டம்பர் 27 அன்று தென் கொரியாவின் குமி நகரில் ஓர் ஆலையில் இந்த அமிலத்தைக் கொள்கலனிலிருந்து இறக்கும்போது கசிவு ஏற்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள். சுற்றியிருந்த ஊர்களின் பயிர்கள் கருகின. அங்கே இருந்தது நீர் கலக்காத ஹைட்ரஜன் ஃபுளூரைடு, உங்கள் பாட்டிலோடு அளவில் ஒப்பிட முடியாதது. ஆயினும் எங்கள் ஆலையில் புதிதாகச் சேருபவர்களுக்கு அதைத்தான் முதல் பாடமாகச் சொல்கிறோம். இறக்கும் வேலையில் இருந்தவர்கள் உரிய பாதுகாப்பு உடை அணிந்திருக்கவில்லை.

பழையமாணவன்

எல்லோரும் இந்த மாணவியை மிகவும் அச்சுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. 1980-களில் நாங்கள் சாதாரண ரப்பர் கையுறை அணிந்துகொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பிளாட்டினக் கிண்ணத்தில் இதே அமிலத்தைக் காய்ச்சியிருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. கவனமாக இருந்தால் போதும். இத்தனை ஏற்பாடும் கேட்டால் நம் கல்லூரிகளில் ஆய்வே நடக்காது.

புவிவேதி

ஐயா, உங்கள் காலத்தில் வேலை செய்தவர்களின் கைத்திறனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நானும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவன்தான். ஆனால் கவனமும் பழக்கமும் உடையவரைக்கூட இந்த அமிலம் விட்டுவைக்காது என்பதற்கு ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வு உண்டு. 1994-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், பாறையிலிருந்து தொல் மகரந்தத் துகள்களைப் பிரித்தெடுக்கும் சிறிய ஆய்வகம் ஒன்றில், தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் ஃப்யூம் ஹூட்டின் முன் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தபோது 70 விழுக்காடு அமிலம் அவர் மடியில் கொட்டியது. கால் லிட்டர்கூட இருக்காது. இரண்டு அடுக்குக் கையுறை அணிந்திருந்தார், மேலங்கி இல்லை. அவசர ஷவர் இல்லை. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லை. கிடைத்த குழாய் நீரில் கழுவிவிட்டு, அருகிலிருந்த நீச்சல் குளத்தில் இறங்கி ஆம்புலன்ஸ் வரும்வரை நின்றார். உடலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தோலில்தான் காயம். ஒரு வாரத்தில் அவருடைய ஒரு காலை வெட்டி அகற்றினார்கள். பதினைந்தாம் நாள் உள்ளுறுப்புகள் செயலிழந்து இறந்துவிட்டார்.

அங்கே குறைவாக இருந்தவை ஒரு மேலங்கியும், ஒரு ஷவரும், ஒரு குழாய் ஜெல்லும். நம் கல்லூரிகளில் இவற்றுக்குப் பணம் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். கால்சியம் குளுக்கோனேட் ஆம்பியூல்களின் விலை, ஒரே ஒரு டெஃப்லான் குப்பியின் விலைக்கு எவ்வளவோ கீழே. உட்கார்ந்துகொண்டு செய்யாதீர்கள், நின்றுகொண்டு செய்யுங்கள் என்று மாணவிக்கு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நிற்பவர் பின்வாங்க முடியும், உட்கார்ந்தவர் மடியில் வாங்கிக்கொள்வார்.

நீரும்மண்ணும்

கழிவைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பயன்படுத்திய அமிலத்தைத் தொட்டியில் ஊற்றி நீரைத் திறந்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளூரைடால் பற்களும் எலும்புகளும் கெட்டவர்களைக் கண்ட எவரும் அதைச் செய்யத் துணியமாட்டார்கள்.

அகன்ற வாய் கொண்ட பிளாஸ்டிக் வாளியில் நீற்றிய சுண்ணாம்பைத் தேவைக்கு மிகுதியாக நீரில் குழைத்து வைத்துக்கொண்டு, ஃப்யூம் ஹூட்டுக்குள், அமிலக் கழிவைச் சிறிது சிறிதாக அதில் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பை அமிலத்தில் போடக் கூடாது. அமிலத்தைத்தான் சுண்ணாம்பில் சேர்க்க வேண்டும். கலவை சூடேறும், ஆகவே அவசரம் கூடாது. வெண்மையான கால்சியம் ஃபுளூரைடு அடியில் படியும். ஒரு நாள் படிய விட்ட பிறகும் மேலே தெளிந்த நீரை வடிகாலில் விடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். கால்சியம் ஃபுளூரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிராம் கரையும்; அதிலிருந்து வரும் ஃபுளூரைடு மட்டும் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 1 மில்லிகிராம், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 வரை. ஆகவே படிவையும் தெளிநீரையும் பெயர் எழுதிய எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயக் கழிவு நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டிலில் கழிவைச் சேர்த்து வைத்தால் அது நாளடைவில் அரிக்கப்பட்டுக் கசியும், சிலிக்கான் டெட்ராஃபுளூரைடு உள்ளே சேர்ந்து அழுத்தத்தால் வெடிக்கவும்கூடும்.

நீலகிரிப்பாறை

நெறியாளரும் நானும் இந்தப் பதிவுகளை ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். எங்கள் அறையில் அமில வேலை இல்லை என்று முடிவாகிவிட்டது. வேதியியல் துறையில் ஷவரோடு கூடிய ஆய்வகத்தைத் தர இசைந்திருக்கிறார்கள்; கிராஃபைட் மூசைகளுக்கும் கேட்பு அனுப்பியாயிற்று, அவை வந்துவிட்டால் அமில முறையே வேண்டியிராது. மருத்துவரிடம் கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். எங்களுக்கு அருகில் இருப்பது ஒரு சிறிய மருத்துவமனை. அங்கே பணியில் இருப்பவர்கள் இந்தக் காயத்தைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். சாதாரண அமிலக் காயம் என்று களிம்பு தடவி அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

அவசரப்பிரிவு மருத்துவர்

சகோதரி, நல்ல கேள்வி. அது உண்மையில் நடக்கக்கூடியதே, ஏனென்றால் முதலில் பார்க்கும்போது தோல் இயல்பாகவோ சிறிது வெளிறியோதான் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன் நாள் ஒன்றில் நீங்களும் நெறியாளரும் அந்த மருத்துவமனைக்கு நேரில் சென்று, பொறுப்பு மருத்துவரிடம் இந்த அமிலத்தைப் பயன்படுத்தப் போவதைத் தெரிவித்து, கால்சியம் குளுக்கோனேட் ஊசி இருப்பில் உள்ளதா என்று கேட்டுவிடுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனை எது, அங்கே செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் மருத்துவருக்கான குறிப்பை எழுதி ஜெல் குப்பியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். பட்டது ஹைட்ரோஃபுளூரிக் அமிலம், அடர்வு 40 விழுக்காடு, பட்ட நேரம், பட்ட இடம், எவ்வளவு பரப்பு என்பவை முதல் வரியில் இருக்கட்டும். அதன் கீழே இவற்றை எழுதுங்கள்: உடனே ஈ.சி.ஜி. எடுத்து, அதில் க்யூ.டி. இடைவெளி (கால்சியம் குறைந்தால் நீளும் அளவு) நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றை அளந்து, அந்த அளவை மீண்டும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஜெல்லுக்கு வலி அடங்கவில்லையென்றால் காயத்தைச் சுற்றித் தோலுக்கடியில் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போடலாம், ஆனால் கால்சியம் குளோரைடைத் திசுவில் செலுத்தக் கூடாது, அது திசுவையே அழித்துவிடும். இதயத் துடிப்பு மாறினாலோ கால்சியம் குறைந்தாலோ கால்சியம் குளுக்கோனேட்டைச் சிரை (இரத்தக் குழாய்) வழியாகக் கொடுக்க வேண்டும், ஒரு முறை கொடுத்தது போதும் என்று நிறுத்திவிடக் கூடாது. கை கால் இழுப்பு போன்ற வழக்கமான அறிகுறிகள் இல்லாமலே கால்சியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம் என்பதையும் ஒரு வரியாகச் சேருங்கள். அடர்த்தியான அமிலத்தில் உடற்பரப்பில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு காயமே உயிரைப் பறித்திருக்கிறது.

தாளை இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை ஆய்வக வாயிற்கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். 108-க்கு அழைக்கும்போது அதைப் பார்த்தே சொல்லலாம். ஆம்புலன்சில் உங்களுடன் வருபவர் ஜெல் குப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மருத்துவர் பொறுப்பேற்கும்வரை தேய்ப்பதை நிறுத்தாமல் இருக்க வேண்டும்.